சோம்பேறி நகரமா சென்னை?



ஒவ்வொரு தேர்தலுக்கும் மறுநாள் இந்த நகரத்தின் மீது ஒரு பழி விழுகிறது. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்குகள் 43.59 சதவீதம். பாதிகூட இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 69.72 சதவீதம். தருமபுரியில் 81.20. மத்திய சென்னையில் 53.96. எண்கள் வெளிவந்த அன்று மாலையே தீர்ப்பும் வந்துவிட்டது. படித்தவன் ஓட்டுப் போட மாட்டான், லீவு கிடைத்தால் ஊட்டிக்குப் போய்விடுவான், குறை மட்டும் வாய் கிழியப் பேசுவான், சென்னை ஒரு சோம்பேறி நகரம் என்றார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். முழுவதுமாக மறுக்கிறேன். மறுப்பதற்குத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

ஓட்டுப் போட வராத ஒருவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? சொந்த வீடா, வாடகை வீடா? எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? அவர் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது? அவர் தெருவுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் கடைசியாக வந்தது எப்போது? இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் அவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஒரு வட்டாரத்தின் வாக்குப்பதிவு என்பது, ஆட்சி அந்த வட்டாரத்தோடு எப்படி உறவு வைத்திருந்தது என்பதன் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் விரிக்கப் போகிறேன்.

முதலில் அதே 2022 தேர்தலை எடுத்துக்கொள்வோம். ஒரே நாள். ஒரே சட்டம். ஒரே மாநிலத் தேர்தல் ஆணையம். பேரூராட்சிகளில் 74.68 சதவீதம். நகராட்சிகளில் 68.22. மாநகராட்சிகளில் 52.22. சென்னைக்கு வந்தால் 43.59. படிப்படியாக இறங்குகிறது பாருங்கள். ஊர் பெரிதாகப் பெரிதாக மனிதன் சோம்பேறி ஆகிவிடுகிறானா? உசிலம்பட்டியிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறி வந்தவன், வழியில் செங்கல்பட்டைத் தாண்டும்போது சோம்பேறியாக மாறிவிடுகிறானா?

காரணம் வேறு. பேரூராட்சி வார்டு ஒன்றில் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைதான் ஓட்டு இருக்கும். நிற்பவர் பக்கத்துத் தெருக்காரர். அவர் அப்பா பெயர் தெரியும், கடன் தெரியும், குணம் தெரியும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்கலாம். சென்னையில் 200 வார்டு. வாக்காளர்கள் அன்றைக்கு 60 லட்சத்துக்கும் மேல். சராசரியாக ஒரு வார்டுக்கு 30 ஆயிரம் பேர்! ஒரு சிறு நகராட்சியே ஒரு வார்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. முப்பதாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர் என்றால் அவர் முகத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? முகமே தெரியாத ஒருவருக்காக வரிசையில் நில் என்கிறோம். நிற்காவிட்டால் பொறுப்பற்றவன் என்கிறோம்.

இந்த நகரத்துக்கு நடந்த பெரிய துரோகத்தை இப்போது சொல்கிறேன். இளைஞர்கள் கவனித்துக் கேட்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி 1688-ல் பிறந்தது. இந்த நாட்டிலேயே மிகப் பழைய மாநகராட்சி. 1973-ல் அதன் மன்றம் கலைக்கப்பட்டது. மஸ்டர் ரோல் எனும் கூலிப் பதிவேட்டில் ஊழல் என்று காரணம் சொன்னார்கள். ஊழல் செய்தவரைத் தண்டியுங்கள், மறு தேர்தல் வையுங்கள், அது நியாயம். ஆனால் அடுத்த மன்றம் எப்போது வந்தது தெரியுமா? 1996-ல். இருபத்து மூன்று ஆண்டுகள்! கலைத்தவர்களும் ஆண்டார்கள், அவர்களை எதிர்த்தவர்களும் ஆண்டார்கள். சட்டமன்றத் தேர்தல் நடந்தது, நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது, கட்சிகள் மாறி மாறிக் கோட்டைக்குப் போயின. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மட்டும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. 1973-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்ட பிறகுதான் தன் வார்டுக்கு முதல் ஓட்டைப் போட்டது.

அதோடு முடிந்ததா? 2006-ல் தேர்தல் என்ற பெயரில் சென்னையில் நடந்த அடாவடி நீதிமன்றம் வரை போனது. பிறகு 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து 2022 வரை மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி. அந்த நடுவில் 2021 நவம்பரில் இந்த நகரம் மூழ்கியது நினைவிருக்கிறதா? தி. நகரில், கொளத்தூரில், வேளச்சேரியில், புளியந்தோப்பில் வீட்டுக்குள் தண்ணீர். யாரைக் கூப்பிடுவது? கவுன்சிலர் என்று ஒரு ஆள் இந்த நகரத்தில் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேலாக இல்லை. அடுத்த மூன்றாவது மாதம் தேர்தல் வைத்தார்கள். நூற்றுக்கு 43 பேர் வந்தார்கள். வராத 57 பேரை நீங்கள் திட்டுகிறீர்கள். கவுன்சிலர் இல்லாமலேயே வாழப் பழக்கியது யார்? ஐந்தாண்டுக்குள் தேர்தல் நடத்தியே தீர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. அதை மீறியவர்களுக்கு யாரும் சோம்பேறிப் பட்டம் கட்டவில்லையே!

சென்னை மட்டும் என்று நினைக்காதீர்கள். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தல் கிடையாது. மும்பை மாநகராட்சிக்கு 2022 மார்ச்சில் காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2026 ஜனவரியில். நாட்டின் பெரிய நகரங்களை எல்லாம் அதிகாரிகள் கையில் கொடுத்துவிட்டு, நகரத்தானுக்கு ஜனநாயக உணர்வு இல்லை என்கிறார்கள்.

அடுத்து, வாக்காளர் பட்டியல். சதவீதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே உள்ள எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கீழே உள்ள எண்ணைப் பார்க்க ஒருவரும் குனிவதில்லை.

2025 டிசம்பர் 19 அன்று, வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். மாநகராட்சி எல்லையைவிடச் சிறிய இந்தத் தேர்தல் மாவட்டத்தில் சுமார் 40 லட்சமாக இருந்த பட்டியல் 26 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் போய்விட்டது, தோழர்களே!

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பழைய பட்டியலில் நூறு பெயர், அதில் 54 பேர் ஓட்டுப் போட்டார்கள், ஆகவே 54 சதவீதம். அந்த நூறில் 35 பெயர் செத்தவர்களும் வீடு மாறிப் போனவர்களும் இரண்டு இடத்தில் பதிவானவர்களும்தான் என்றால், உண்மையில் இருந்தது 65 பேர். 65-ல் 54 பேர் வந்திருக்கிறார்கள். 83 சதவீதம்! தருமபுரியைத் தாண்டிவிட்டது சென்னை. நீக்கப்பட்ட பெயர் எல்லாமே போலி என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அதைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது. பாதிதான் போலி என்று வைத்தாலும் 65 சதவீதம் வந்துவிடுகிறது. அப்படியானால் வருடக்கணக்காக நாம் சோம்பேறி என்று ஏசியது யாரை? செத்தவர்களையும், ஹவுஸ் ஓனர் காலி செய்யச் சொன்னதால் அடுத்த ஏரியாவுக்குப் போனவர்களையும்!

வாடகை வீட்டுக்காரரின் நிலை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாதிப் பேர் அதில்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியும். பதினொரு மாத ஒப்பந்தம். வாடகை ஏறினால் வீடு மாறு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறினால் வீடு மாறு. சில வீட்டுக்காரர்கள் அந்த முகவரியில் வாக்காளர் அட்டை எடுக்கவே விடுவதில்லை. பின்னால் உரிமை கொண்டாடுவார்களோ என்று பயம். ராயபுரத்திலிருந்து அம்பத்தூருக்குப் போனவர் பெயர் ராயபுரத்தில் கிடக்கிறது. தேர்தல் அன்று ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ராயபுரம் போனால், பூத் மாறிவிட்டது என்கிறார்கள். இதற்கு மேல் ஒருவர் எத்தனை முறை முயற்சி செய்வார்?

சொந்த ஊரில் ஓட்டு வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஊட்டிக்குப் போகிற கூட்டம் என்று சொல்ல மாட்டார்கள். திண்டிவனத்துக்கும் விருத்தாசலத்துக்கும் திருநெல்வேலிக்கும் நின்றுகொண்டே போனார்கள். எதற்கு? ஓட்டுப் போட. சென்னையில் இருபது வருடம் உழைத்தும் இந்த ஊர் அவர்களை இந்த ஊர்க்காரர் என்று உணரவைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஓட்டும் இங்கே இல்லை.

பெயர் நீக்கத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் எந்தத் தெருவில் எந்தப் பெயர் போனது? வாக்குச்சாவடி நிலை அலுவலர் பகலில் வருகிறார். கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் பூட்டுத்தான் இருக்கும். கட்டட வேலைக்குப் போகிற குடும்பம், வீட்டு வேலைக்குப் போகிற பெண், மீன் விற்கப் போகிற அம்மா, யாருக்காகப் பகலில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள்? பழைய 2002, 2005 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று திருத்தத்தின் படிவம் கேட்டது. மூன்று தலைமுறையாக மயிலாப்பூரில் ஒரே வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு நிமிட வேலை. கூவம் கரையிலிருந்து தூக்கி எறியப்பட்டவருக்கு? சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு? மனுக் கொடுத்துப் பிறகு திரும்பச் சேர்ந்தவர்கள் உண்டு. மனு எழுதத் தெரிந்தவர்களும், லீவு போட முடிந்தவர்களும், துணைக்கு ஒரு கட்சிக்காரர் வாய்த்தவர்களும் முதலில் சேர்ந்திருப்பார்கள். மற்றவர்களைத் தேடிப் போக வேண்டியது அரசின் கடமை.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். இந்தப் பெயர்களை நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2000-ஐ ஒட்டி ஆரம்பித்து, நகரத்தின் நடுவில் இருந்த உழைக்கும் மக்களைக் கூட்டம் கூட்டமாக நகரத்தின் ஓரத்திலுள்ள இந்த இடங்களில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. இந்த வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நல்லது. ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுத்த அதே கையால் ஓட்டையும் மாற்றிக் கொடுத்தார்களா? இல்லை. கேஸ் இணைப்பை மாற்ற ஒரு வரிசை, ரேஷன் கார்டை மாற்ற ஒரு வரிசை, பிள்ளையின் டி.சி. வாங்க ஒரு அலைச்சல். ஓட்டு கடைசி. பலருடைய பெயர் வருடக்கணக்காகப் பழைய பேட்டையிலேயே இருந்தது. தங்கள் குடிசை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே போய் அங்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். ஜெயித்த உறுப்பினருக்கு இவர்கள் அந்தத் தொகுதியின் மக்களே இல்லை. இவர்கள் உண்மையில் வாழ்கிற தொகுதியின் உறுப்பினருக்கோ இவர்கள் வாக்காளர்கள் இல்லை. இரண்டு பக்கமும் கேட்க நாதியில்லாத மக்களை அரசு ஆணை ஒன்றினால் உண்டாக்க முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள்.

இந்த ஊர்கள் எல்லாம் அடங்கிய சோழிங்கநல்லூர் தொகுதியில் 2021-ல் ஏழு லட்சத்துக்குச் சற்றே குறைவான வாக்காளர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலேயே பெரிய தொகுதி. அதே தேர்தலில் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூடக் கிடையாது. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ. துறைமுகத்துக்காரர் ஒருவரின் ஓட்டு கண்ணகி நகர்க்காரர் மூன்று பேருக்கும் மேற்பட்டவர்களின் ஓட்டுக்குச் சமம். பெரும்பாக்கமோ கிராம ஊராட்சி! எட்டு மாடிக் கட்டடங்களில் லிப்ட் நின்றால், கழிவுநீர் பொங்கினால், அது ஊராட்சித் தலைவர் வேலையா, வாரியத்தின் வேலையா என்று இன்றைக்கும் அங்குள்ள பெண்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

அதே பகுதியில் கொஞ்சம் தள்ளி இன்னொரு குடியிருப்பு இருக்கிறது. மதில் சுவர், காவலாளி, ஜெனரேட்டர், நீச்சல் குளம். தண்ணீர் லாரியில் வரும். குப்பையைத் தனியார் எடுப்பார். பிள்ளைகள் தனியார் பள்ளி, வைத்தியம் தனியார் ஆஸ்பத்திரி. அவர்களில் பலரும் உள்ளாட்சிக்கு ஓட்டுப் போடுவதில்லை. கண்ணகி நகரும் அந்த அடுக்ககமும் வாக்குப்பதிவுக் கணக்கில் ஒரே மாதிரித் தெரியலாம். ஒன்று ஆட்சியைக் காசு கொடுத்துத் தாண்டிப் போகிறது. இன்னொன்றை ஆட்சி தாண்டிப் போகிறது. இரண்டையும் சோம்பேறித்தனம் என்ற ஒரே மூட்டையில் கட்டுவது அறிவா?

அடுக்ககத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீங்களும் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தண்ணீரை விலைக்கு வாங்கலாம், மின்சாரத்தை வாங்கலாம். மழைநீர் வடிகாலை விலைக்கு வாங்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மூழ்கின. உங்கள் கார் நிறுத்தும் தளத்திலும் அதே தண்ணீர்தான் நின்றது. சதுப்பு நிலத்தில் யார் கட்டடம் கட்டலாம் என்ற முடிவு உங்கள் சங்கக் கூட்டத்தில் எடுக்கப்படுவதில்லை. அந்த முடிவு எடுக்கப்படும் இடத்துக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். வரும்போது உங்கள் வாசலில் நிற்கும் காவலாளிக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் தேர்தல் அன்று சம்பளத்தோடு விடுமுறை கொடுத்துவிட்டு வாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு சம்பளத்தோடு விடுப்பு தரச் சொல்கிறது. கம்பெனிக்காரருக்கு அது கிடைக்கிறது. அந்த அம்மாவுக்கு யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் வசதியானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், அதிகம் படித்தவர்கள் ஓட்டுப் போடுவது அதிகம். ஏழைகள் போடுவது குறைவு. அங்கே படித்ததை இங்கே ஒப்பிக்கிறவர்கள் உண்டு. இந்தியாவில் ஏழை பின்தங்கவில்லை, பல இடங்களில் முன்னால் நிற்கிறார் என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2024-ல் சென்னையையே பாருங்கள். உழைப்பாளிகள் நிறைந்த வட சென்னையில் 60 சதவீதத்தை ஒட்டிப் பதிவானது. வசதி கூடிய தென் சென்னையில் 54. இந்த நாட்டில் ஏழைக்கு ஓட்டு ஒன்றுதான் அதிகாரிக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வைக்கும் சொத்து. அது அவருக்குத் தெரியும்.

சென்னைக்காரர்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாது என்பவர்களை ஆர்.கே. நகருக்கு அழைக்கிறேன். 2017 டிசம்பர் 21 இடைத்தேர்தலில் அங்கே 77 சதவீதத்துக்கும் மேல் பதிவானது. இதே சென்னை! எப்படி நடந்தது? கட்சிகள் ஒவ்வொரு வாசலுக்கும் வந்தன, ஒவ்வொரு பெயரையும் தேடின, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. தேடி வந்தால் மக்கள் வருவார்கள். ஆனால் அந்தக் கதையின் மறுபக்கத்தையும் நான் மறைக்க மாட்டேன். அதே தொகுதியில் அதே ஆண்டு ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தலைப் பண விநியோகத்துக்காக ஆணையமே ரத்து செய்தது. தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை.

ஆகவே அதிக சதவீதம் என்றாலே ஜனநாயகம் செழிக்கிறது என்று கைதட்டவும் நான் தயாராக இல்லை. கிராமத்தில் ஏன் எண்பது சதவீதம்? அக்கறை ஒரு காரணம், அதை மதிக்கிறேன். கண்காணிப்பு இன்னொரு காரணம். யார் வந்தார், யார் வரவில்லை, யார் வீட்டுப் பெண் எந்தக் கட்சிக்காரரிடம் சிரித்தாள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று சாதி நிலத்தையே வெட்டி வைத்திருக்கும் நாட்டில் பூத்தும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. 1996-லிருந்து பத்து ஆண்டுகள் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் தலித் ஒருவர் தலைவராக உட்காரக் கூடாது என்று தேர்தலையே முடக்கினார்கள். 2006-ல்தான் முறையாக நடந்தது. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அந்தத் தெரு எந்தப் பக்கம் ஓட்டுப் போடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெரு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது? சட்டமே சொல்லிக்கொடுக்கிறது, தோழர்களே! வாக்குச் சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மின்னணு இயந்திரம் வந்ததும் ஒவ்வொரு பூத்தின் முடிவும் தனித்தனியே வெளியாகிறது. ஒரு பூத் என்றால் சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் வரை. நாலைந்து தெரு. சில இடத்தில் ஒரே சாதி வாழும் தெரு, ஒரே மதம் வாழும் தெரு. தனி மனிதனின் ஓட்டு ரகசியம். அவன் தெருவின் ஓட்டு பகிரங்கம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 2019-ல் உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் அன்றைய ஒன்றிய அமைச்சர் மேனகா காந்தி மேடையிலேயே சொன்னார்: கிடைக்கும் ஓட்டைப் பொறுத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்போம், அந்த வரிசைப்படிதான் வேலை நடக்கும் என்று. தேர்தல் ஆணையம் கண்டித்தது. வெளிப்படையாகச் சொன்னதால் கண்டனத்தோடு போயிற்று. சொல்லாமல் செய்கிறவர்கள் எத்தனை பேர்? உங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் தார் போடவில்லை என்று யோசித்துப் பாருங்கள். எந்த பூத்துக்கு எவ்வளவு பணம் இறக்குவது என்று முடிவு செய்பவர்கள் கையில் இருப்பதும் இதே பூத் கணக்குத்தான்.

பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை? எந்தக் கட்சிக்கு அதில் ஆசை இருக்கும்? பூத் முகவர்களை வைத்துத் தெருத் தெருவாகக் கணக்கெடுக்கும் எந்தக் கட்சியும் இதைத் தானாகக் கேட்கப் போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். சென்னையிலிருந்தும் கேட்க வேண்டும், பொன்பரப்பியிலிருந்தும் கேட்க வேண்டும்.

ஒரு தெருவுக்கும் ஆட்சிக்கும் உறவு ஓட்டுப் போடும் நாளில் மட்டும் முளைக்காது. கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறது. குறையோடு என்றாலும் கூடுகிறது, வரவு செலவைக் கேட்க ஒரு மரத்தடி இருக்கிறது. நகரத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் வேண்டும் என்று போராடி, 2022-ல்தான் விதிகள் வந்தன. அந்த நவம்பர் முதல் தேதி தமிழ்நாட்டில் பகுதி சபைகள் கூடின. அன்றைய முதலமைச்சரே பம்மலில் உட்கார்ந்து மக்கள் குறை கேட்டார். வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். இங்கே இருப்பவர்களைக் கேட்கிறேன்: உங்கள் பகுதி சபை எந்த இடத்தில் கூடுகிறது என்று தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி. இத்தனை பெரிய கூட்டத்தில் இவ்வளவு கைகள்தான். அந்த சபைக்கு ஆள் சேர்க்காமல், தேர்தலுக்கு முந்தின வாரம் கடற்கரையில் மணல் சிற்பம் செய்தும், சினிமா நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் எடுத்தும் 43-ஐ 60 ஆக்கிவிடலாம் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். முடியாது.

நான் கேட்பது இவைதான். மறுகுடியமர்த்தப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைக் கொடுக்கும் மேசையிலேயே வாக்காளர் பெயர் மாற்றமும் முடிய வேண்டும்; அந்த வேலை வாரியத்தின் பொறுப்பு, அந்தக் குடும்பத்தின் பொறுப்பு அல்ல. வாடகைக்காரருக்கு ஹவுஸ் ஓனரின் தயவு இல்லாமல் பெயர் சேர்க்க வழி வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வர வேண்டும். மாநகராட்சி மன்றத்தின் காலம் முடியும் நாளுக்கு முன்பே தேர்தல் நடந்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் இந்த மைதானத்தில் இதைவிடப் பெரிய கூட்டம் கூடும் என்று இப்போதே அறிவிக்கிறேன். வாக்குகளைக் கலந்து எண்ண வேண்டும். முப்பதாயிரம் பேர் வார்டை உடைத்துச் சிறிதாக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஏற்பவர்கள் கைதட்டிப் போய்விடாதீர்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். வாக்காளர் பட்டியல் பூத்வாரியாக இருக்கிறது. உங்கள் பெயரைப் பாருங்கள், வீட்டில் உள்ளவர்கள் பெயரைப் பாருங்கள், அக்கம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் பாருங்கள். பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8, இரண்டும் அங்கே இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெரு முனையில் நின்று அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசியுங்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு வாருங்கள். நானும் வருகிறேன்.